பாதிச் சுவர்

சனிக்கிழமை மத்தியானம்
பீடோங் ஆ செங் ஹார்ட்வேரில்
நிற அட்டையை நடுவில் விரித்துவைத்துச்
சண்டை போட்டோம், நானும் குணாளனும்.

அவனுக்கு மஞ்சள்.
விடிகாலை நாலரைக்கு எழுந்து
செம்பனைக் குலை லாரியை எடுப்பவன்.
"கண்ணத் தொறந்தா
வெயிலு எனக்கு முன்னாடியே வந்து நிக்கணும்."

எனக்குக் கருநீலம்.
இரவெல்லாம் கையுறை ஃபேக்டரியில்
பீங்கான் கைகள் ஆயிரமாயிரம்
விரல் விரித்துத் தொங்கிக்கொண்டே போகும்,
எதையும் பிடிக்காமல்.
கண் மூடினாலும் அந்த வெள்ளை போகாது.
காலை எட்டுக்கு வந்து படுக்கிறேன்.
பகலை வெளியே நிறுத்திவைக்க
எனக்கொரு சுவர் வேண்டும்.

ஒரே அறை. ஒரே கட்டில்.
அவன் எழுந்துபோன பள்ளத்தில் நான்,
நான் எழுந்துபோன பள்ளத்தில் அவன்.
பதினோரு வருஷத்தில்
இரண்டு பேரும் சேர்ந்து தூங்கியது எத்தனை நாள் என்று
சனி ராத்திரிகளைக் கூட்டினால் தெரியும்.
கூட்டவில்லை.

ஆ செங்குக்குப் பொறுமை போய்விட்டது.
"ரெண்டும் கலந்துடு லா. பச்சை வரும்.
சண்டை இல்லை."
"பச்சையா!" என்றோம்
ஒரே மூச்சில், ஒரே குரலில்.
ஜன்னலைத் திறந்தால் பச்சை,
கொல்லைக் கதவைத் திறந்தால் பச்சை,
அவன் லாரியின் இரண்டு கண்ணாடியிலும் பின்னோடும் பச்சை.
படுக்கையிலுமா?
அன்றைக்கு நாங்கள் ஒத்துப்போனது
அந்த ஒன்றில்தான்.

யாரோ கலக்கச் சொல்லி
வாங்கிப்போக வராத நீலம் ஒன்று இருந்தது,
மூடி நசுங்கிய டின், பாதி விலை.
நான் கேட்ட நீலமில்லை.
கொஞ்சம் அழுக்கான நீலம், மழைக்கு முந்தியது.
மஞ்சளுக்கு முழு விலை.
அதைச் சொல்லிக் காட்டினேன். சும்மா இருப்பேனா?

ஞாயிறு அலமாரியை நகர்த்தினோம்.
பின்னால், வாங்கிய நாளின் வெளிர் ரோஜா
அப்படியே இருந்தது, ஒரு கதவு அளவுக்கு.
அப்போதுதான் தெரிந்தது
மற்ற சுவரெல்லாம் என்ன நிறத்துக்குப் போயிருந்ததென்று.
நிறம் என்றே சொல்ல முடியாது.
கூடவே ஒரு சீப்பு, ஐம்பது காசு,
காய்ந்துபோன பல்லி.

கவிலன் நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டான்.
கோடு நேராக வந்தது.
வீடுதான் கோணல்.
மலிவு விலை வீடு, குத்தகைக்காரன் அவசரம்;
மேலே என் பக்கம் நாலு விரல் கூடுதல்,
கீழே அவனுக்கு.
மின்விசிறி சுவிட்ச் சரியாக நடுவில்.
அதை வெள்ளையாகவே விட்டோம்.

பின்னேரம் மழை.
மில்லின் புளித்த வாடையும் சாய வாடையும்
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.
நீலம் இரண்டாம் தடவை பூசி
அப்படியே ஃபேக்டரி பஸ்ஸுக்கு ஓடினேன்.
"என் பக்கம் இன்னும் காயல.
கட்டில ஒட்டிப் போட்றாத.
உன் பக்கம் தள்ளிப் படு" என்று
மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திங்கள் காலை வந்து படுத்தேன்.
பகல், கதவோடு நின்றது.
மூன்று மணிவரை ஒரு கை கூடக் கனவில் வரவில்லை.

எழுந்து பார்த்தால்
பள்ளி விட்டு வந்த கவிலன்
மிச்சம் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக்
கழிவறைக் கதவுக்கு அடித்துக்கொண்டிருக்கிறான்.
பச்சை. லா.
திட்ட வாய் திறந்து
பாதியில் சிரித்துவிட்டேன்.

ஆறரைக்கு பஸ் நிறுத்தம்.
குலை இறக்கிவிட்டு வரும் லாரி
வழக்கம்போல் வேகம் குறைத்து
இரண்டு ஹாரன்.
ஜன்னலுக்கு வெளியே மடித்துவைத்த கை.
அந்த முழங்கைக்குப் பின்னால்,
குளித்தும் போகாமல்,
அவனுக்கே தெரியாமல்
என் பக்கத்து நீலம்.