கடல் திரும்பும் வரை

பிசாவ் துறையில் ஏறும்போதே அனிசேத்தோ சொன்னான்:
வற்றத்துக்கு முன்னால் போனால் ஓராங்கோ தீவு,
பின்னால் போனால் சேறு.
ஆட்டுக்காரி வர நேரமாகிவிட்டது.
நாங்கள் பின்னால் போனோம்.

பதினொரு மணிக்குப் படகின் அடிவயிறு
மெத்தென்று எதையோ தொட்டது.
மோட்டார் இரண்டு முறை இருமி நின்றது.
பிறகு கடல்
பந்தி முடிந்த வீட்டில் பாயைச் சுருட்டுவதுபோல்
தன்னைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மேற்கே நடந்தது.

ஆறு மணி நேரம் என்று விரல் காட்டினான் அனிசேத்தோ.
யோசித்து இன்னொரு விரலையும் நீட்டினான்.

படகில்
ஒரு புது மெத்தை, அதன் மேல் அதை வாங்கியவன்.
மூன்று ஆடுகள், அவற்றின் சொந்தக்காரி செகுந்தா.
தடுப்பூசிப் பெட்டியை மடியை விட்டு இறக்காத
செவிலி எர்னெஸ்தினா.
நீர்யானை பார்க்க வந்த நான்,
கழுத்தில் தொலைநோக்கி, காலில் வெள்ளைக் காலணி.

சேறு முதலில் வெறும் சேறாகத்தான் இருந்தது.
பிறகு அதில் துளைகள் திறந்தன.
ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு நண்டு,
ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரிதாக,
யாரையோ வா வா என்றது.
வந்தன.
துருவத்துக் கோடையைத் தின்று முடித்த உள்ளான்கள்,
வளைந்த அலகுக் கோட்டான்கள்,
எண்ணத் தொடங்கி நானூறில் விட்டேன்.
ஒரு பருந்தின் நிழல் விழ
மொத்தக் கரையும் ஒரே துணியாக எழுந்து உதறிக்கொண்டு
மறுபடி விரிந்தது.

செவிலி பறவைகளைப் பார்க்கவில்லை.
பெட்டிக்குள் பனிக்கட்டி கரைவதைக்
காதால் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மெத்தைக்காரன் ஒன்றும் பேசாமல் எழுந்தான்.
பிளாஸ்டிக் உறை பிரிக்காத, கல்யாணத்துக்கு வாங்கிய மெத்தையை
நெட்டுக்குத்தாக நிறுத்தி
பெட்டிக்கு நிழல் தந்தான்.
சூரியன் நகர நகர அவனும் நகர்ந்தான்.
கடிகார முள் மாதிரி,
சாயங்காலம் வரை.

எதைப் பார்க்க வந்தாய் என்றாள் செகுந்தா.
எங்கள் மொழியில் அது தண்ணீரின் யானை என்றேன்.
சிரித்தாள். எங்களுக்கு அது மீன்குதிரை.
யானையுமில்லை குதிரையுமில்லை,
மீன் இல்லவே இல்லை,
பன்றி, அதுவும் கடன் வாங்கித் தின்ற பன்றி,
என்றது மெத்தைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

போன வருஷம் அறுப்புக்கு மூன்று வாரம் இருக்கையில்
வேலியின் பேட்டரி செத்த ராத்திரி
அது அவள் வயலுக்கு வந்ததாம்.
மிதித்தது பாதி, தின்றது பாதி.
இதைப் பார்க்க நீ எவ்வளவு கொடுத்தாய்?
சொன்னேன்.
விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்,
பணத்தில் அல்ல, அரிசியில்.
பதினொரு மூட்டை.
வெகுநேரம் ஆட்டின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.
அப்புறம், நியாயமாக இருக்க வேண்டுமென்று நினைத்தவள்போல,
அழகுதான் என்றாள்.
பின்பக்கத்திலிருந்து. போகும்போது.

கடல் அலையாகத் திரும்பவில்லை.
தூரத்தில் ஒரு பளபளப்பு,
பிறகு நண்டுகள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கும் அவசரம்,
பிறகு படகு,
தூக்கத்தில் புரளும் பிள்ளைபோல்
லேசாக ஒருக்களித்தது.
எர்னெஸ்தினா மூடியைத் திறந்து விரலை விட்டாள்.
இன்னும் குளிர்ச்சி என்றாள், யாரிடமுமில்லாமல்.

ஓராங்கோ கரை வந்தபோது இருட்டு.
இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம்.
சதுப்புக்கு அப்பால் ஒரு சத்தம்.
பெரிய வாய் ஒன்று
மூச்சையும் தண்ணீரையும் சேர்த்து வெளியே தள்ளியது.
என் வாய் தானாகச் சிரித்தது.
இங்கே வந்துவிட்டது, இதோ, இவ்வளவு கிட்டே!

செகுந்தா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
அது என் பக்கம் என்றாள்.
படகிலிருந்து தண்ணீர் இறைக்கும் தகரக் குவளையைப் பிடுங்கி
கல்லால் தட்டிக்கொண்டே ஓடினாள்.
பின்னால் அனிசேத்தோ, பின்னால் மெத்தைக்காரன்.
டண் டண் டண் என்று தீவு விழித்தது.

நான் தொலைநோக்கியை எடுக்கப் போனேன்.
கை வரவில்லை.
மூன்று ஆடுகளின் கயிறும்
எப்போது தந்தாளோ,
என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.