இருவரும் வீட்டில் இல்லாத நேரம்

நான்காம் எண் ஜன்னல் என்னுடையது.
மினசோட்டாவின் பிப்ரவரி வெளியே
பேருந்துத் தடத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது.
கொஸ்கெலா குடும்பத்தின் கோப்பு
ஒரே மாதத்தில் மூன்றாம் முறையாக
என் மேசைக்கு வந்திருக்கிறது.

டுவேன். தாதுக் கப்பல்துறையில் இருந்தவன்.
வேலை போனதிலிருந்து உதவித்தொகை.
அதை வாங்குவதற்காகவே
காலை எட்டரை முதல் பன்னிரண்டரை வரை
வேலை தேடும் வகுப்பில் உட்கார வேண்டும்.
உட்காராத நாளுக்குத் தொகையில் வெட்டு.

ஐலா. முதியோர் இல்லத்தில்
இரவு பதினொன்று முதல் காலை ஏழு.
தூங்குகிறவர்களை
இரண்டு மணிக்கொரு தரம்
புண் வராமல் புரட்டிப் போடுவது வேலை.

சில்வி. இரண்டு வயது, ஏழு மாதம்.

என் கணக்கு எளிது.
அவள் நேரத்தை ஒரு கோடாக இழுப்பேன்,
அவன் நேரத்தை அதற்குக் கீழே.
இரண்டும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று படிகிறதோ
அந்த மணிகளுக்கு மட்டும்
குழந்தைக் காப்பகத்துக்குப் பணம்.
கோடுகள் எங்கும் படியவில்லை.
பூஜ்யம் போட்டேன்.
பூஜ்யத்துக்கென்று தனிக் கட்டமே அச்சடித்திருக்கிறார்கள்.

"அப்போ நான் எப்போ தூங்குறது?"
சத்தம் போட்டுக் கேட்கவில்லை ஐலா.
தக்காளி விலை கேட்கிற குரல்.

வேலைக்குக் குறியீடு ஒன்று, பயிற்சிக்கு இரண்டு,
நோய்க்கு ஐந்து, டாக்டர் கையெழுத்தோடு.
தூக்கத்துக்கு எண் கிடையாது.
எங்கள் கையேட்டில்
கண்ணை மூடிக் கிடப்பவளும்
வீட்டில் இருக்கும் பெற்றோர்தான்.

போன வியாழன் என்ன செய்தாள் என்று சொன்னாள்.
குளியல் அங்கியின் நாடாவை எடுத்து
ஒரு முனையைக் குழந்தையின் இடுப்பிலும்
மறு முனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு
கதவில் முதுகு சாய்த்துத் தூங்கினாளாம்.
"இழுத்தா முழிச்சுக்குவேன்."

அதை நான் தட்டவில்லை.
இங்கே நான் தட்டினால்
வேறொரு துறை போய் அவர்கள் கதவைத் தட்டும்.
விரல்களை மடியில் வைத்துக்கொண்டு
திரையில் துடிக்கும் கோட்டைப் பார்த்திருந்தேன்.

டுவேன் அதுவரை வாய் திறக்கவில்லை.
தொப்பியின் பனியைத் தட்டித் தட்டி
என் தரைவிரிப்பில் ஒரு குளம் செய்திருந்தான்.
"நான் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டதா எழுதினா?"

எழுதினால் படிவமே மாறும்.
ஒற்றைப் பெற்றோர் படிவம்.
அதன் மூன்றாம் பக்கத்தில்
இரவு வேலை செய்பவரின் தூக்கத்துக்கு
ஆறு மணி நேரம் உண்டு.
எனக்கு மனப்பாடம்.

நடக்காததைக் கேட்டால் பதில் சொல்லாதே
என்பது பயிற்சியின் முதல் நாள் பாடம்.
சொல்லவில்லை.
ஆனால் என் முகம் சொல்லிவிட்டது போலிருக்கிறது.
ஐலா அவன் கையிலிருந்து தொப்பியைப் பிடுங்கினாள்.
"போய்ப் பாரு.
பனி தள்ளுறது யாரு, உங்க அண்ணனா?"
அவன் சிரித்தான்.
எனக்குச் சிரிக்க அனுமதி உண்டா, தெரியவில்லை.

சில்வி என் பேனாவை வாங்கி
மேல்முறையீட்டுப் படிவத்தின் பின்புறத்தில்
வளைத்து வளைத்துக் கிறுக்கினாள்.
அவள் கோடுகள்
ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொண்டே போயின.
வேறு படிவம் எடுத்துக் கொடுத்தேன்.
முப்பது நாளில் விசாரணை, சில சமயம் நாற்பது.

மணி பத்து இருபது.
இங்கே வந்ததால் வகுப்புக்கு அவன் வரவில்லை.
அதற்கும் என்னிடமே சான்று வாங்க வேண்டும்.
பெயர், தேதி, அலுவலகத்தில் இருந்த நேரம்.

எட்டரை முதல் பன்னிரண்டரை வரை என்று எழுதி
கையெழுத்திட்டு
முத்திரையை இரண்டு தரம் அழுத்தினேன்.

டுவேன் படித்தான்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.
ஒன்றும் பேசாமல்
குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

ஐலா கையுறை மாட்டும்போதே
பாதிக் கண் மூடிவிட்டது.

அடுத்த எண்ணைக் கூப்பிட
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.