ஆறாவது வண்டி

ஓட்டக் கலண்டரை நான் பென்சிலால்தான் எழுதுவது.
போயா நாளில் எஞ்சின் போட பொலிஸ் விடாது.
பங்குனியில் கோணேசருக்குக் கொடி.
நோன்பு மாதம் கிண்ணியாப் பொடியளை
வெயிலில் ஹெல்மெட் போடச் சொல்ல எனக்கு வாயில்லை.
ஐப்பசி பிறந்தால் தடத்தில் கொக்கு நிற்கும்.
இடையில் உப்பு வாரும் நாள்கள்:
நிலாவெளி உப்பளத்து லொறிகள்
எங்கள் இரண்டாம் வளைவின் மேலால்தான் போகும்.
அழித்து அழித்து மிஞ்சியவை
ஏழு ஞாயிறுகள்.

அதில் ஒன்றின் மேல்
கொழும்பு விரல் வைத்தது.
ஓகஸ்ட் பதினெட்டு, தேசியச் சுற்று, கட்டுக்குருந்தை.
கடிதம் சிங்களத்தில். சீனன்குடா லலந்த
இரண்டு தரம் வாசித்துக் காட்டினான்.
தேதி மாறவில்லை.

தொலைபேசியில் சொன்னேன்,
எங்களுடையது தையிலேயே குறித்த நாள் என்று.
"உங்களிடம் எத்தனை கார்?"
"எட்டு."
அந்தப் பக்கத்தில் யாரோ
தேத்தண்ணிக்குச் சீனி கேட்டார்கள்.

எட்டுத்தான்.
ஓட்டோ எஞ்சின், தண்ணிக் குழாய்ச் சட்டம்,
ஏறி இருந்தால் முழங்கால் காதை உரசும்
குட்டிக் கார்கள்.
வேகமானவள் பாலையூற்றுக் கிளரீனா.
மூன்றாம் சுற்றிலேயே கடைசிக் காரை எட்டி
கையும் காட்டிவிட்டுப் போவாள்.
அவளுக்கு நாற்பத்தொரு புள்ளி,
முஸம்மிலுக்கு முப்பத்தெட்டு.

அவள் தெற்கே போனாள்.
ஸ்பனர் பிடிக்க வருகிறோம் என்று
லலந்தவும் சுகிர்தனும்
தங்கள் கார்களையும் அதே லொறியில் ஏற்றினார்கள்.

விதி நான்கு,
நானே தட்டச்சு அடித்து நானே ஒப்பம் வைத்தது:
ஆறு கார் புறப்படாத ஓட்டத்துக்குப் புள்ளி இல்லை.

ஞாயிறு காலை ஐந்து கார் நின்றன.
முஸம்மில் ஒன்றும் கேட்கவில்லை.
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
உப்புக் குவியல்களைப் பார்த்தபடி இருந்தான்.
கட்டுக்குருந்தைக்கு லொறிக்கூலி
அவனுடைய இரண்டு மாதச் சம்பளம்.

என் வெல்டிங் கடைக்குப் பின்னால்
ஒரு சட்டம் கிடந்தது.
இரண்டாம் கியர் மட்டும் விழும் எஞ்சின்,
ஒன்றுக்கொன்று பொருந்தாத சில்லுகள்.
மகளின் ஸ்கூட்டி ஹெல்மெட், ரோஸ் நிறம்.
கொடி காட்டுகிறவனும் நான்தானே,
கொடியை ஐஸ்கிரீம் வான்காரரிடம் கொடுத்தேன்.
எப்போது இறக்குவது என்று கேட்டார்.
எல்லாரும் உங்களைப் பார்க்கும்போது, என்றேன்.

இருபது சுற்று.
வெளியில் நின்று பார்த்த பதினொரு வருஷத்தில்
இந்தத் தடம் வட்டம் என்று நினைத்திருந்தேன்.
உள்ளே அது
ஒரு நீண்ட இடப்பக்க விழுகை.
பல்லுக்குள் உப்பு.
முஸம்மில் என்னை ஆறு தரம் முந்தினான்.
ஒரு தரமும் கை காட்டவில்லை.
அது மரியாதையா கோபமா என்று
இன்னும் தெரியாது.

இரவு கிளரீனா எடுத்தாள்.
"பதினேழாவது."
"எத்தனை பேரில்?"
"பதினெட்டு. கடைசி லலந்த.
சுகிர்தனுக்கு எஞ்சின் பிடிச்சிட்டுது, புறப்படவேயில்லை."
பின்னால் காலி வீதியின் பஸ் இரைச்சல்.
"அங்க ஓடினதோ?"
"ஓடினது."
"ஐஞ்சுதானே நிண்டது?"
"ஆறு."

அவள் எண்ணுவது கேட்டது.
"ஆறாவது ஆர்?"
சொன்னேன்.
சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.
"செக்ரட்டரி, நான் மூண்டு புள்ளி முன்னுக்கு நிண்டனான்."
"இப்ப அவன் ஏழு."
"அடுத்தது எப்ப?"
"செப்டெம்பர் எட்டு. உப்பு லொறி வராட்டி."
"வந்தாலும் வையுங்கோ."
வைத்துவிட்டாள்.

ஆறாம் இடத்துக்கும் ஒரு புள்ளி உண்டென்று
அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது.
அட்டவணையின் அடியில்
என் பெயரை எழுதவேண்டியதாயிற்று.
பென்சில் முனை உடைந்திருந்தது.
பேனையால் எழுதினேன்,
எட்டாம் தேதியையும்.