விடுப்பு நாள், பீடோர்

ஒட்டுக்கடையில்
கலியப்பன் தே தாரேக் இழுக்கிறார்.
கைக்கும் கைக்கும் நடுவே
மூன்றடிக் கொதி.
நான் மட்டும்
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறேன்.

போன புதன்,
வங்கக் கடலுக்கு மேல் எங்கோ,
இருபத்தேழாம் வரிசையில்
காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.
தரையென்று நம்பி நின்றது
சட்டென்று கீழே போனது.
காப்பி மட்டும்
ஒரு நொடி
அங்கேயே நின்றது, உருண்டையாக.
பிறகு என் மணிக்கட்டில்,
பெல்ட்டைக் கழற்றியிருந்த ஒருவர் மடியில்.
மேலடுக்கு திறந்துகொண்டு
யாருடைய ஊறுகாய்ப் போத்தலோ
யார் தலையிலோ.

"பிளேன் விழுந்துடும்னு
பயமில்லையாம்மா?"
அது லேசில் விழாது, அண்ணே.
உள்ளே இருக்கிறதுதான் விழும்:
பை, போத்தல், தள்ளுவண்டி,
சமயத்தில் நான்.

செம்பனைக் குலையேற்றிய லோரி
வளைவில் திரும்புகிறது.
உதிரிப் பழமொன்று ரோட்டில் துள்ள
மேசை அதிர்கிறது.
பக்கத்தில் ஒரு பையன்,
அவன் முன்னால் ஆவி பறக்கும் மைலோ.
அதற்குள் என் உள்ளங்கை
அந்தக் கோப்பையை மூடியிருக்கிறது.

அவன் அம்மா முறைக்கிறார்.
லோரி தாப்பா ரோட்டில் மறைந்தாயிற்று.
கலியப்பன் அடுத்த தேநீரை
இன்னும் உயரத்திலிருந்து இழுக்கிறார்.
பையன் காத்திருக்கிறான்,
நான் கையை எடுக்க.