சம்மனசின் பத்தாயிரம்

நடக்கிறீங்களா என்று டாக்டர் கேட்டார்.
நடக்கிறேன் என்றேன்.
ஜெராக்ஸ் மிஷினுக்கும் நாற்காலிக்கும் நடுவே
ஏழு காலடி.
முடிந்தால் அதையும்
உட்கார்ந்தபடி எட்டிப் பிடித்துவிடுவேன்.
அவர் சீட்டில் இருநூற்று நாற்பது என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்.

எனக்கு நடை பிடிக்காது.
போய்ச் சேர ஓர் இடமில்லாமல் போய்
புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வருவது
என்ன வேலையென்று தெரியவில்லை.
விடியற்காலை தங்கச்சிமடம் ரோட்டில்
கைவீசிப் போகிறவர்களைப் பார்த்தால்
எதையோ தொலைத்தவர்கள் போலிருக்கிறது.
தேடுகிற முகம்தான் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஜெனோவா
ஒரு வாட்ச் அனுப்பினாள்.
கட்டிக்கொண்டால் காலடியை எண்ணுமாம்,
எண்ணியதை அவள் போனுக்குச் சொல்லுமாம்.
பெற்ற மகள் வைத்த வேவு.
முதல் நாள் நானூற்றுப் பன்னிரண்டு.
ஞாயிறு, பூசைக்குப் போனதால் தொள்ளாயிரம்.
"பத்தாயிரம்மா, பத்தாயிரம்" என்றாள்.
வட்டிக்காரர்கூட அப்படிக் கேட்டதில்லை.

புதன்கிழமை வாட்சைக் கழற்றி
ஆட்டின் முன்னங்காலில் கட்டினேன்.
அதற்குச் சம்மனசு என்று பெயர் வைத்தது
யாரென்று கேட்காதீர்கள்.
திருவிழாத் தோரணத்தைத் தின்றுவிட்டு
சாமியார் அங்கியின் நுனியையும் கடித்துப் பார்த்த ஆடு.

அன்றைக்குப் பதினோராயிரம்.
போனில் கைதட்டினாள் ஜெனோவா.
"மூச்சு வாங்குதாம்மா?"
இல்லை என்றேன். பொய்யில்லையே அது.
ஒரு வாரம் என் காலுக்கு நல்ல பெயர்.
மாத்திரையைப் பாதியாக்கலாமா என்றுகூட யோசித்தேன்,
ஆடு நடந்ததற்கு.
"ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கம்மா ஓடுன?"
நாய் துரத்துச்சு என்றேன்.
அதுவும் உண்மைதான்.

பத்தாம் நாள் முளையில் கயிறு மட்டும் இருந்தது.

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டு இறங்கினேன்.
கோயிலுக்குப் பின்னால் உடைமரக் காடு.
ஒரு செருப்பை முள் வாங்கிக்கொண்டது,
இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
பனைகளுக்கு இடையில் மணல்
வாங்கிய காலைத் திருப்பித் தர யோசித்தது.
தெற்குக்கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த
செபஸ்தியம்மாள் நிமிர்ந்து,
"இப்பத்தான் வடக்க போச்சு" என்றாள்.
ரோட்டைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி
வடக்கே போனால்
வலை பொத்திக்கொண்டிருந்த இன்னாசி,
"தெக்க பாத்தேனே" என்கிறான்.
தெற்கும் கடல், வடக்கும் கடலாக இருக்கிற ஊரில்
ஓர் ஆடு எவ்வளவு தூரம்தான் தொலைந்துவிடும்?
தொலைந்தது.
சம்மனசே, சம்மனசே என்று நான் கத்திக்கொண்டு போக
சைக்கிளில் வந்த ஒரு பையன்
சிலுவை போட்டுக்கொண்டான்.

கவிழ்த்து வைத்த ஒரு வத்தையின் நிழலில்
கல்யாண நோட்டீஸ் மென்றுகொண்டு படுத்திருந்தது.
அதன் காலில் வாட்ச் துடித்து,
பச்சையும் மஞ்சளுமாய்ப் பூச்சிதறி,
இன்றைய இலக்கை எட்டியதற்காக
அதைப் பாராட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் விழுந்தேன்.
நெஞ்சுக்குள் மீன் ஏலம்.
சேலைக்கரை முழுக்க ஒட்டுமுள்.
இத்தனை தூரத்தில் என் காலடி ஒன்றைக்கூட
எவரும் எண்ணியிருக்கவில்லை.
இந்தத் தண்ணீரைப் பார்த்து
எனக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது.
வீட்டிலிருந்து அரை மைல்.

ஜெனோவாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள் ஒரு மெசேஜ்:
ஆட்டுக்கு நேத்து ஆறாயிரம்தான், உடம்புக்கு என்ன?

தொடை ரெண்டும் இன்னும் வலிக்கிறது.
நடை எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை,
எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
வாட்ச் ஆட்டின் காலிலேயே இருக்கிறது.
வெயில் தாழ்ந்ததும்
சம்மனசை முளையில் கட்டுகிறேன்.
அவிழாத முடிச்சு எனக்குத் தெரியும்,
படகுக்காரர் வீட்டில் பிறந்தவள்.
என்னவோ இப்போதெல்லாம்
ஒரு சுற்று குறைந்துவிடுகிறது.