நாரி

பள்ளிக்கூடத்தில் நாரி என்றால் பெண்.
அப்படித்தான் எழுதிப் புள்ளி வாங்கினேன்.
எங்கள் வீட்டில் நாரி என்றால்
எழும்பும்போது கை தானாகப் போய்த் தாங்குகிற இடம்.
ஒன்பது வருசமாக
இரண்டாவது அர்த்தம்தான் என்னிடம் மிச்சம்.

ஐந்தாம் குறுக்குத் தெருவில்
துணி மொத்தக்கடையின் மேல்தட்டில் கணக்கெழுதுகிறேன்.
கதிரை என்னுடையதல்ல.
முன்பிருந்த தவநேசனின் பள்ளம்
அதில் இன்னும் இருக்கிறது.
அடி லாச்சியைத் திறக்க வேண்டுமென்றால்
ரிஸ்மியைக் கூப்பிடுவேன்.
கீழே பார்சல் கட்டுகிற பொடியன்,
படியேறி வந்து, குனிந்து, எடுத்துத் தந்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போவான்.
அவன் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு நோகும்.

பலகையில் படு என்றார்கள். படுத்தேன்.
பாரம் தூக்காதே என்றார்கள்.
ஒரு லீற்றர் பாலையும் மகள்தான் தூக்கினாள்.
கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு நாலாம் மாடி.
லிப்ட் பழுதான நாட்களில்
எனக்குக் காய்ச்சல் என்று கடைக்குச் சொன்னாள்.
ஸ்கேன் படத்தை யன்னலில் பிடித்துப் பார்ப்பேன்:
பேக்கரித் தட்டில் அடுக்கிய பணிஸ்,
கீழிருந்து இரண்டாவது நசிந்து போய்.
தும்மல் வந்தாலும் அதை நினைத்துத்தான் தும்முவேன்.

பெரியாஸ்பத்திரியில் தரங்கா மிஸ்
அந்தப் படத்தை ஒரு நிமிசம் பார்த்தா.
உறைக்குள் திருப்பி வைத்தா.
"இது நிறைய ஆக்களுக்கு இருக்கு.
நோ இல்லாத ஆக்களுக்கும் இருக்கு."
தமிழ் அவவுக்கு உடைந்து உடைந்து வரும்,
ஆனாலும் இந்த வசனம் முழுசாக வந்தது.
நான் ஒன்பது வருசம் காவிய உறை
மேசை ஓரத்தில் கிடந்தது.

நீலப் பாய்கள். ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற காற்றாடி.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கருணாதிலக்க
பக்கத்துப் பாயில் மூச்சை அடக்கிக்கொண்டு சிவந்து கிடக்கிறார்.
"ஹெமின், ஹெமின்" என்கிறா மிஸ்,
அவருக்கும் எனக்கும் சேர்த்து.
முழங்காலும் கையும் ஊன்றி நின்று
வலக்கையை முன்னுக்கும் இடக்காலைப் பின்னுக்கும் நீட்ட வேண்டும்.
முதல் நாள் மூன்று செக்கன்.
நாலாவதில் முகம் குப்புற விழுந்தேன்.
நாற்பத்தெட்டு வயதுப் பொம்பிளை,
சுடிதாரோடு, ஆம்பிளையள் பார்க்க.
"ரிதெனவாத?"
ஓம் என்றேன்.
"நோகும். உடையாது. திரும்ப."

வீட்டில் செய்யச் சொல்லி ஒரு தாள் தந்தார்கள்,
மூன்று மொழியிலும்.
தமிழில் கடைசி வரி:
வழி கூடினால் நிறுத்தவும்.
கணக்கெழுதுகிற கண். விடாது.
சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன்.
என்ன வித்தியாசம் என்று கேட்டா.
நாக்கை இங்கே வைத்தால் நோ,
இன்னும் உள்ளே மடித்தால் ரோட்டு என்றேன்.
மிஸ் சொல்லிப் பார்த்தா,
ஐந்தாறு தரம், கையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு.
இரண்டும் ஒரே மாதிரித்தான் வந்தது.

விடிய ஐந்தரைக்கு, மகள் எழும்ப முதல்,
குசினிக்கும் கட்டிலுக்கும் இடையில் பாய் விரிக்கிறேன்.
மல்லாந்து, முழங்கால் மடித்து, இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ணும்போது
கீழ்த்தெருவில் முதல் பஸ்காரன் மருதானை, மருதானை என்கிறான்.
சில நாள் ஏழோடு நிற்கும்.
போன செவ்வாய் ஒன்றுமே ஏலவில்லை.
பாயில் கிடந்து கூரைச் சிலந்தியைப் பார்த்தேன்.
புதன் திரும்ப விரித்தேன்.
நோ போய்விட்டதா என்று கடையில் கேட்கிறார்கள்.
இல்லை.
இப்போது அது ஒரு வாடகைக்காரி.
முன்பு வீட்டுக்காரி.

இன்றைக்கு மார்ச் மாதப் பற்றுச்சீட்டுகள் தேவைப்பட்டன.
ரிஸ்மி என்று வாய் திறந்து, மூடி,
வயிற்றை உள்ளே இழுத்து, முழங்காலை மடித்து,
மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.
அடி லாச்சி சிக்கியது. இழுத்தேன்.
பற்றுச்சீட்டுகளுக்குக் கீழே
ரிஸ்மி ஒளித்துவைத்த மாரி பிஸ்கட், பாதிப் பக்கற்.
ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு
இருந்த மாதிரியே மூடி வைத்தேன்.