வளைவு

திங்கள் தொடக்கம் 643
மருந்துக்கடைச் சந்தியில் திரும்பாது.
செவ்ரானில் எங்கள் தரிப்புக் கம்பத்துக்குக்
கறுப்புக் குப்பைப்பை மாட்டி
கழுத்தில் டேப் சுற்றியிருக்கிறார்கள்.

புதிய வரைபடத்தில் எல்லாக் கோடும் நேர்.
ஆறு நிமிட நடை என்று போட்டிருக்கிறது.
யார் நடந்து பார்த்தார்களோ
ஜனவரியில், விடியப்புறம் நாலே முக்காலுக்கு,
முழங்கால் வீங்கிய கும்பாவோடு.

அதெலினா கையெழுத்து வாங்கித் திரிந்தாள்.
நூற்றிப் பன்னிரண்டு பேர்.
நான் தமிழில் போட்டேன்,
வடிவாய் இருக்கு என்றாள்.
பதில் வந்தது:
உங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்துள்ளோம்.
எடுத்ததை
எந்தத் தரிப்பில் இறக்கிவிட்டார்களோ.

இது நாலாம் கிழமை.
கந்தோர்கள் கூட்டித் துடைத்து
ஒன்பதரை பஸ்ஸில் வீடு திரும்புகிறோம்.
பாதி நித்திரை. கையில் புளீச் மணம்.
சந்தி வருகிறது.
கும்பா, அதெலினா, நான்,
பின் சீட்டில் பெயர் தெரியாத
இரவுக் காவல்காரன்,
கண் திறக்காமலே
எல்லோரும் ஒருமிக்கச் சாய்கிறோம்
வளைவுக்கு.

பஸ் நேரே போகிறது.

கண்ணாடியில் பார்த்தேன்,
சாரதியின் தலையும்
கொஞ்சம் சரிந்துதான் இருந்தது.
இருமினான்.